அத்தான் காரில் ரேடார் பூட்டிய ஒக்டோபர்

4 ஒக்டோபர், சனி

காலையில் இருந்து மழை. பிராண்டேயில் இருந்து ஹேர்னிங் வரைக்கும் வைப்பருக்கு ஓய்வில்லை. அக்கா வீட்டில் பிட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். வயிறு நிறைந்தது, காது புண்ணாகியது.

அத்தான் சாப்பாட்டு மேசையில் ஒரு பெட்டியை வைத்தார். (இனி ‘அத்.’ போதும். அந்த ஆளை முழுதாக எழுதினால் மை வீண்.) ரேடார் கருவி. பொலிஸ் வேகம் அளக்கிற அலையை முன்னரே பிடித்துக் கத்துமாம். போலந்தில் இருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. டென்மார்க்கில் தடை.

"நீ காத்தாடிப் பக்டரியிலை வயர் பூட்டுறனிதானே பிள்ளை. நாளைக்கு இதையும் பூட்டிவிடு. வெளியிலை வயர் தொங்கினால் பொலிஸ் காணும்."

நான் அந்தக் காற்றாலைப் பக்டரியில் எலெக்ட்ரிக்கர். டெனிஷ்காரரே என்னிடம் கேட்டுத்தான் பெட்டியைத் திறப்பார்கள். அத்.துக்கு நான் வயர் பூட்டுகிறவள்.

விசயம் இதுதான். அவருடைய லைசென்சில் ஏற்கனவே இரண்டு ‘கிளிப்’, பொலிஸ் போடுகிற குற்றப் புள்ளி. இரண்டும் வேகத்துக்கு. மூன்றாவது விழுந்தால் லைசென்ஸ் போகும், திரும்பச் சோதனை எடுக்க வேண்டும். ஹேர்னிங்கில் இருந்து ரண்டர்ஸ் வரைக்கும் தமிழ் வீடுகளுக்கு மரக்கறி, மீன் போடுகிற வியாபாரம். ஏழு சீற் கார். பின் சீற்றை மடித்தால் கடை, நிமிர்த்தினால் குடும்பம்.

அக்காவுக்குப் போன மாதம்தான் லைசென்ஸ் கிடைத்தது. நவம்பர் 3 கொம்யூனில், இங்கத்தைய நகரசபையில், வேலை தொடக்கம். வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறது. லைசென்ஸ் இல்லாமல் எடுக்கமாட்டார்கள். விடியப் போய்ச் சேர கார் வேண்டும். கறிச் சட்டியோடு நின்று மெல்லக் கேட்டாள். விருந்துக்கு வந்த இரண்டு பேருக்கும் கேட்கட்டும் என்று அத். குரலை உயர்த்தினார்.

"நாலுதரம் பெயில் விட்டவவுக்குக் கார் வேணுமாம். மாடெண்டாலும் ரண்டாந்தரத்திலை படிச்சிருக்கும்."

வந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குப் பற்றி எரிந்தது.

வீட்டுக்கு வரும்போது யோசனை: அந்த மூன்றாவது கிளிப் விழட்டும். ஆள் சோபாவில் கிடக்கட்டும். கார்த் திறப்பு அக்காவின் கைக்கு வரட்டும். வேறு வழியால் வராது.

5 ஒக்டோபர், ஞாயிறு

மழை விட்டுவிட்டது. குளிர். குறடு, டெஸ்டர், இன்சுலேஷன் ரேப், இரண்டு பியூஸ், கையுறை. கையுறையை வீட்டில் மறந்துவிட்டேன். விரல் விறைத்தது.

திறப்பைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற பியூஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் இருந்து எடுத்தேன். எர்த்துக்குக் கதவோரத்தில் ஒரு போல்ட். வயர் டாஷ்போர்ட்டுக்குக் கீழால். வேலை சுத்தம். வயர் வேலையில் நான் கள்ளம் செய்யமாட்டேன்.

பிறகு இடம். முன்கண்ணாடியில் மேலே வைக்க வேண்டும் என்று சொல்ல வாய் எடுத்தேன். அத். முந்திக்கொண்டார்.

"பிள்ளையாருக்கு முன்னாலை வை. மோதகத் தட்டு மாதிரி. வெளியிலை இருந்து பாக்கிறவனுக்குத் திருவாசியின்ரை முதுகு மட்டும்தான் தெரியும். எப்பிடி மூளை?"

டாஷ்போர்ட்டின் மேல் பித்தளைப் பிள்ளையார். பின்னால் கண்ணாடியோடு ஒட்டி நிற்கிற திருவாசியே இரண்டு கை அகலம். றோட்டுக்கும் கருவிக்கும் நடுவில் பித்தளைச் சுவர். முன்னால் இருந்து வருகிற ஒரு அலையும் உள்ளே வராது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"ஓம் அத்தான், நல்ல மூளை" என்றேன்.

மாயா, அவர்களின் மகள், போனில் இருந்து தலையைத் தூக்காமல்: "டெற் எர் உலோவ்லிட், ஃபார்." சட்டவிரோதமாம். "நீ வாயைப் பொத்து" என்றார் தகப்பன்.

சோதித்துக் காட்டு என்றார். சுப்பர்மார்க்கெட்டின் தானாகத் திறக்கிற கதவிலும் இதே மாதிரி அலைதான். கதவுக்கு நேராக நிறுத்தினால் குட்டு வெளிப்படும் என்று காரைப் பக்கவாட்டில் நிற்பாட்டச் சொன்னேன். பக்கக் கண்ணாடியால் அலை வந்தது. கருவி கத்தோ கத்தென்று கத்தியது. அத். கை தட்டினார். தொட்டுக் கும்பிட்டார்.

அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்து, "என்ரை தங்கச்சி வனி செய்தால் பிழைக்காது" என்றாள். நல்ல சூடான தேத்தண்ணி.

9 ஒக்டோபர், வியாழன்

பக்டரியில் தலையிடி. பால், வெங்காயம் வாங்க, பல் டொக்டருக்கு போன் பண்ண வேண்டும்.

அக்கா போன். வேலைச் சட்டைக்கு அளவு கேட்டு கொம்யூனில் இருந்து எழுதியிருக்கிறார்கள். ‘எம்’ போடவா ‘எல்’ போடவா என்று அரை மணித்தியாலம். இவ்வளவு சந்தோசமாக அவள் கதைத்து எத்தனை காலம். பின்னால் அத். குரல்: "கிழடுகளுக்குக் குண்டி கழுவப் போறதுக்கு அளவு வேறையோ?"

அவருக்கு இன்னும் கிளிப் விழவில்லை. தினமும் கேட்கலாமா என்று இருக்கிறது. கேட்டால் சந்தேகம் வரும்.

15 ஒக்டோபர், புதன்

இன்னும் இல்லை. அத். ரண்டர்ஸ் போய் வந்தாராம், பறந்து வந்தாராம், கருவி மூச்சு விடவில்லையாம். "பொலிஸ்காரன் எல்லாம் லீவு போல" என்று சிரிப்பு. சிரியும், சிரியும்.

நான் நல்லவள் இல்லை. அது எனக்குத் தெரியும், எழுதிவைக்கிறேன்.

19 ஒக்டோபர், ஞாயிறு

நேற்று ரண்டர்ஸில் பிறந்தநாள் விழா. அத்.தின் தமையன் வீடு. எனக்கு வேலை, போகவில்லை. பின்னேரம் மாயாவின் போன். அழுகை, முழுக்க டெனிஷ். அழுகைக்குள் பொலிஸ், அம்மா, கார் என்ற மூன்றும்தான் விளங்கியது.

போனேன். பெருந்தெருவின் பக்கத்தில் பெற்றோல் செற். மூன்று பேரும் வாசலில். காரில்லை. அத். மத்தியானமே குடித்துவிட்டு நிற்க முடியாமல் அக்காவிடம் திறப்பை எறிந்திருக்கிறார். வழியில் றோட்டு வேலை நடக்கிற இடம், அறுபதுக்கு மேல் போகக்கூடாது. அக்கா அந்தப் பலகையைக் காணவில்லை, காது முழுக்க அவருடைய சத்தம். மாயா சொன்னது அப்படியே: "டிராக்டரோ ஓடுறாய்? மிதி, மிதி! பொலிஸ் நிண்டால் சாமான் கத்தும், அப்ப பிறேக்கைப் பிடி!"

மிதித்திருக்கிறாள். கருவி கத்தவில்லை. பாலத்துக்குக் கீழே பொலிஸ்.

அறுபதின் இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கு இங்கே ‘வன்விட்ஸ்கோர்சல்’ என்று பெயர், விசரோட்டம். கிளிப் எல்லாம் இல்லை. லைசென்ஸ் அந்த இடத்திலேயே போனது, ஆகக் குறைந்தது மூன்று வருசத்துக்கு. யாருடைய காராக இருந்தாலும் அரசாங்கத்துக்கு. கருவியையும் கண்டுபிடித்து அத்.துக்குத் தண்டம். அவ்வளவுதான் அவருக்கு. அவர் ஓட்டவில்லையே.

அவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "பொம்பிளையிட்டை ஸ்ரியரிங்கைக் குடுத்தன் பார், என்னைச் செருப்பாலை அடிக்க வேணும்."

செருப்பு என்னிடம் இருந்தது. அடிக்கவில்லை.

அக்கா என் காரில் முன் சீற்றில் இருந்தாள். அழவில்லை. "வனி பூட்டினது, கட்டாயம் கத்தும் எண்டு மிதிச்சனடி" என்றாள்.

நான் வீதியைப் பார்த்து ஓட்டினேன்.  

24 ஒக்டோபர், வெள்ளி

கொம்யூனில் இருந்து அக்காவுக்குப் போன். மரியாதையாகத்தான் சொன்னார்களாம். லைசென்ஸ் திரும்பக் கிடைத்தால் விண்ணப்பிக்கலாமாம். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

வேலைச் சட்டை இரண்டும் வந்துவிட்டது. ‘எம்’. திருப்பி அனுப்ப வேண்டுமாம்.

பல் டொக்டர் அடுத்த புதன்.

2 நவம்பர், ஞாயிறு

காற்று. அத். பழைய வான் ஒன்று வாங்கிவிட்டார். கெடுகுடி சொற்கேளாது: இன்னொரு கருவியும் வாங்கிவிட்டார். அக்காதான் போன் பண்ணினாள், "வந்து பூட்டிவிடு" என்று. வரமாட்டேன் என்று சொல்ல நினைத்தேன். அவள் குரலில் அதற்கு இடமில்லை.

நாளைக்கு அவளுக்குப் புது வேலை. ஊருக்கு வெளியே மீன் பொதி செய்கிற இடம், விடியப்புறம் தொடக்கம், பஸ் இல்லை. அத்.தான் இறக்கிவிட வேண்டும். எனக்கு அதே நேரம் பிராண்டேயில் வேலை. இறக்கிவிட அவர் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் கெஞ்சினாளாம். சமைக்கிற இடத்தில், மகளுக்கு முன்னால்.

கராஜுக்குள் இருட்டு. அக்கா ரோர்ச் பிடித்தாள். அத். உள்ளே ரீவி பார்க்கிறார். முன்கண்ணாடிக் கரையால் வயரை மேலே ஏற்றினேன், ஏயர்பாக்குக்கு முட்டாமல், அதற்குப் பின்னால். கருவியைக் கண்ணாடியின் நடுவில் பிடித்துப் பார்த்தேன். கொஞ்சம் இறக்கினேன். வெளியே போய் முன்னால் நின்று பார்த்தேன். திரும்ப வந்து ஒரு விரல் ஏற்றினேன்.

"இண்டைக்கு இவ்வளவு பாக்கிறாய்" என்றாள். "முந்தி ஒண்டும் பாக்கேல்லை."

நான் திருகாணியைத் தேடி எடுத்தேன்.

"அது கத்தாதெண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"தெரிஞ்சோ வைச்சனி?"

"அவருக்கெண்டு வைச்சனான் அக்கா. உனக்குக் கார் வரட்டும் எண்டு."

உள்ளே ரீவியில் யாரோ கோல் போட்டான். அத். கத்தினார். அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், பிறகு மேலே கருவியை.

"அவருக்குச் சொல்லிப்போடாதை. வடிவாப் பூட்டு. அவற்றை லைசென்சும் போனால் நான் வேலைக்குப் போக வழியில்லை."

பூட்டினேன். நாலு திருகாணி. கடைசித் திருகாணியையும் இறுக்கினேன். ரோர்ச் வெளிச்சம் கொஞ்சமும் ஆடவில்லை.