நோன்பு நாளில் ருசி பார்த்தவள்

அன்பு மகள் இன்ஷிராவுக்கு,

சீதேவிப்பிள்ளையின் வேலையை நீயும் நானும் சேர்ந்துதான் பறித்தோம்.

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாமுக்கு முன்னால் இதை எழுதியதற்குக் கோபிக்காதே, ஸலாத்தை முதலில் எழுதினால் வாப்பாவின் முழங்கால், ஊர் மழை என்று எதையாவது எழுதி மடித்துவிடுவேன் என்பது எனக்கே தெரியும். இங்கு எல்லோரும் சுகம், தோஹாவில் நீயும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். வாப்பா நொண்டிக்கொண்டே பள்ளிக்குப் போகிறார், ஆட்டோவில் போகச் சொன்னால் என்னைக் கிழவனாக்காத என்கிறார். தம்பி ஸாஜித் படிக்கிறான் என்று சொல்கிறான். இதையெல்லாம் போனில் சொல்லலாம், ஆனால் மற்றதைச் சொல்லத் தொடங்கினால் நீ ‘சரி உம்மா, உடுங்க’ என்று வெட்டிவிடுவாய். தாளை அப்படி வெட்ட முடியாது. அடுத்த வீட்டுப் பிள்ளை அங்கு வருகிறது, அதன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நீ கம்பஸில் படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லித் தந்த வேலையால் வந்த கதை இது. செங்கலடியில் ஜூஸ் போடுகிற இடத்தில் கழிக்கும் அன்னாசித் தோலை அன்றைக்கே எடுத்துக் கழுவி, அவித்து, காயவைத்து, மாவாக அரைத்து பிஸ்கட்டில் சேர்ப்பது. முன்பு வாவிக்கரையில் ஈ மொய்த்துக் கிடந்த தோல் இப்போது உன் பெயர் அச்சடித்த பிஸ்கட் பக்கெட்டில் காத்தான்குடிக் கடையில் இருக்கிறது என்று எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. நோன்பில் அந்தக் கடை முதலாளி முகைதீன்பாவா காக்கா பெருநாளைக்கென்று நிறையக் கேட்டார், நானும் ஓம் என்றுவிட்டேன். மழை விடவில்லை. தோல் கட்டிய சாக்கிலேயே கிடந்து நுரைத்துவிட்டது. நான் மணத்தைக் கழுவி எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், வெயில் கண்டதும் காயவைத்து அரைத்தும் விட்டேன்.

நோன்பு மாதத்தில் நம் வீட்டில் யாரும் பகலில் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை, நோன்பில்லாத, நம்மிடம் கூலிக்கு வருகிற சீதேவிப்பிள்ளைதான் எங்களுக்கெல்லாம் நாக்கு. கஞ்சிக்கு உப்புக் காணுமா என்று பக்கத்து வீட்டுக்காரர்களும் மதிலுக்கு மேலால் அகப்பையை அவளிடம்தான் நீட்டுவார்கள். முதல் தட்டில் ஒரு பிஸ்கட்டைக் கடித்தவள் முகத்தைச் சுளித்தாள். ‘ராத்தா, இது புளிச்சுப் போச்சு, கள்ளு மணக்குது, நோன்பு துறக்க வாறவன் இதத் திண்டா ஆடிக்கிட்டுத்தான் பள்ளிக்குப் போவான், கொட்டிருவம்’ என்றாள். அவள் சிரித்தாள், நான் சிரிக்கவில்லை. நோன்போட என்னைக் கதைக்க வைக்காத, பேசாமப் பக்கெட்டில போடு என்றேன். போட்டாள்.

பெருநாளுக்கு முன்பே எல்லாம் திரும்பி வந்துவிட்டது. பிள்ளைகள் துப்பியிருக்கிறார்கள். காக்கா கடை வாசலில் ஆட்களுக்கு முன்னால் என்ன இது என்று கேட்டார். நோன்பு வாயோட நான் எப்பிடிக் காக்கா ருசி பாக்கிற, சீதேவிப்பிள்ளைதான் பாத்து நல்லமெண்டு சொன்ன என்றேன். எவ்வளவு சுளுவாக வந்தது தெரியுமா. அவங்கட நாக்க நம்பினா இப்பிடித்தான் என்று அவர் சொன்னார், நின்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவர்கூட அவளைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கூலிக்கு வருகிற, நம் ஆளும் இல்லாத ஒருத்தியின் தலையில் போட்டால் இந்த ஊரில் கேள்வி வராது. அது தெரிந்துதான் போட்டேன். நோன்பைச் சாட்டிப் பொய் சொன்னேன். நான் பட்டினி கிடந்தது மட்டும்தான் மிச்சம்.

உன்னிடமும் அதையே சொன்னேன். சாப்பாட்டுச் சாமானில விளையாட ஏலா, அவவ நிப்பாட்டுங்க என்றாய். அவள் என்ன சொன்னாள் என்று நீயும் கேட்கவில்லை. சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்று எனக்குப் படிப்பித்தவள் நீ. மறுநாள் அவளிடம் மகள்தான் நிப்பாட்டச் சொல்லிட்டா என்று உன் பெயரையும் விற்றேன். இப்போது மதிலுக்கு மேலால் யாரும் அவளுக்கு அகப்பை நீட்டுவதில்லை. பாத்திரம் கழுவப் போன வீட்டிலும் வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

பெருநாள் கழிந்து ஒருநாள் வாசல் படலையில் வந்து நின்றாள். பெருநாளைக்குச் செய்த வட்டிலப்பம் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கவில்லை. வேலை வேணாம் ராத்தா, அந்த முதலாளிக்கு முன்னால வந்து நான் சொன்னதச் சொல்லுங்க, அது மட்டும் காணும் என்றாள். நாளைக்கு வா என்றேன். சொன்னால் காக்கா இனி நம் பிஸ்கட்டை எடுக்கமாட்டார், பக்கெட்டில் இருக்கிற உன் பெயரும் நாறும், அதுதான் என் பயம். உன் பெயருக்காக என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன், அதுவும் முழு உண்மை இல்லை.

அல்லாஹ் உன்னைக் காப்பாற்றுவானாக, உன் கையால் நல்லதே நடக்கட்டும். தண்ணீர் நிறையக் குடி. இதை வாசித்ததும் எனக்குப் போன் எடுக்காதே, காக்காவுக்கு எடுத்து உண்மையைச் சொல் என்று எழுத நினைத்தேன். அதுவும் இன்னொருத்தி தலையில் போடுகிற வேலைதான். போக வேண்டியவள் நான்.

இப்படிக்கு,
உன் உம்மா ஸஹீதா

மகள், ஒட்டுமுன் ஒன்று. அவள் திரும்பவும் வந்து படலையில் நிற்கிறாள். நான் அறைக்குள் இருந்துதான் இதை எழுதுகிறேன். ராத்தா, உள்ளுக்கு இருக்கிறீங்க எண்டு தெரியும், அண்டைக்கு நான் என்ன சொன்ன, அத உங்கட வாயால சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.