இரண்டு இடத்திலும்

செவ்வாய்க்கிழமை

ஓரிடத்தில் அழித்தால் அந்த அழிப்பும் மற்ற இடத்தில் நகலாகும் என்பது எனக்கு ஏன் தோன்றாமல் போனது?

ஆராய்ச்சி மையத்தின் கணினிச் சேமிப்பு ஒரு நொடியும் நிற்கக் கூடாது என்றார் தலைவர். சென்னையில் ஒன்று, மும்பையில் ஒன்று என இரண்டு சர்வர்களில் அமைத்தேன். ஒன்றில் நடப்பது உடனே மற்றதிலும் நடக்கும். தனியாக ஒரு பிரதி எடுத்து வைக்கவில்லை. இன்று ஆய்வு மாணவி கவிதா பழைய கோப்புகளைக் கழிக்கும்போது தவறான ஃபோல்டரை அழித்துவிட்டாள். வத்தல்மலைச் சாமை வயல்களில் அவள் மூன்று ஆண்டுகளாக எடுத்த அளவுகள் அதில் இருந்தன.

“இன்னொண்ணுல இருக்குமில்லீங்க மேடம்?” என்றாள். இல்லை என்றேன்.

தலைவர் சிரித்தார். “சிஸ்டம் நிக்கலீங்களே மேடம். அந்தப் புள்ள அழிச்சிடுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்க.”

உண்மைதான், நிற்கவில்லை. காலியாக ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை

தவறு என்னுடையது என்று கடிதம் எழுதி எடுத்துப் போனேன். தலைவரிடம் கொடுப்பதற்குள் இண்டூரிலிருந்து கவிதாவின் அப்பா வந்துவிட்டார். “பாப்பா இனிமே வராதுங்க” என்று சொல்லி, அவள் பையை எடுத்துக்கொண்டு போனார். கடிதம் இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது.