ராபியா தோளில் மாட்டிய மெஷின்

6.3.1972

ராபியாவுக்கு இன்றும் படபடப்பு. ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நின்றுவிட்டது. ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. "வெறும் பயம்தான்" என்றார் டாக்டர். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

திரும்பும்போது கேட்டாள்: "நீங்களும் நம்பலையா?"

கல்யாணமாகி ஆறு வருடம்.

8.3.1972

இரும்புக் குழாய் துருப்பிடிப்பதை அளக்கும் உணர்கருவி செய்கிறவன் நான். வீட்டில் இருப்பவளின் நெஞ்சை அளக்க வழியில்லையா? படபடப்பு வரும்போது மெஷின் அவள் மேலேயே இருந்தால்?

மேலதிகாரி சிதம்பரம் சாரிடம் கேட்டேன். "அஞ்சு மணிக்கு மேல லேப்ல நீங்க என்ன செஞ்சாலும் என் கண்ணுக்குத் தெரியாது, சாதிக்" என்றார். நல்ல மனிதர்.

19.4.1972

நெஞ்சில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய இரண்டு வெள்ளி வில்லைகள், அவற்றிலிருந்து ஒயர், தோள் பையில் சின்ன டேப் ரெக்கார்டர்.

"வெள்ளி போட்டுட்டீக. தங்கம் எப்ப?" என்று சிரிக்கிறாள்.

30.4.1972

டேப்பை லேபில் ஓட்டிக் காகிதத்தில் வரைய விட்டால் எல்லாம் கிறுக்கல். அவள் தோல் வேறு சிவந்து தடித்துவிட்டது. கழற்றிவிடு என்றேன்.

"இம்புட்டுத் தூரம் வந்துட்டுக் கழட்டவா? சும்மா இருங்க."

7.5.1972

கண்டுபிடித்தது நானில்லை, அவள்! "நான் கையத் தூக்குனா ஒயரு வில்லைய இழுக்குது. அதான் கிறுக்குது" என்றாள். ஒயரைத் தளர்வாக வளைத்து ரவிக்கையில் ஊக்கு குத்தினாள். கோடு தெளிவாக விழுந்தது. இரண்டு வாரமாக நான் பேட்டரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

22.5.1972

நேற்று அரிசி களைந்துகொண்டிருந்தவள், "ஏங்க, வருது" என்றாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். பதினான்கு நிமிடமும் டேப் ஓடியது.

இன்று அந்தப் பதிவை டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "தப்பாச் சொல்லிட்டேம்மா. இது பயமில்ல. மாத்திரைக்குக் கட்டுப்படும்." ரிக்‌ஷாவில் ஏறியதும் அழுதாள். உன்னை நம்பாமல் போனேனே என்றேன். "அதான் மெஷின் செஞ்சீகளே" என்றாள்.

10.2.1974, ஞாயிறு

ராபியாவுக்குக் கடைசியாகப் படபடப்பு வந்து பத்து மாதம் ஆகிறது. இப்போது டாக்டரே மற்ற நோயாளிகளுக்கு மெஷினைக் கேட்டு அனுப்புகிறார். ஆண் கை பட்டால் பெண்கள் கூசுகிறார்கள். அவர்களுக்கு ராபியாதான் மாட்டிவிடுகிறாள்.

மதியம் ஆஸ்பத்திரி ஆயா பொன்னழகு வந்தாள். "கல்லல் ஊர்லருந்து ஒரு ஆச்சி வந்திருக்காக. மெஷின் மாட்டணுமாம், டாக்டர் வரச் சொன்னாக."

சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

"உங்கள இல்ல சார். அம்மாவ."

ராபியா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். நான் சட்டையைக் கழற்றிவிட்டு, சோற்றை நானே போட்டுச் சாப்பிட்டேன்.