ஒரே பதார்த்தம்

என் வீட்டு மகாராணி யுன்னியாங்குக்கு, யாங்சோவிலிருந்து உன் சமையல்காரன் கும்பிடு. முழங்கால் வலி தேவலையா? என் தொந்தி சௌக்கியம்.

செல்வத்துக்கு எல்லை வேண்டும் என்று கன்பூசியஸ் பாடம் சொல்லும் வாத்தியார் சொன்னாராம். எங்கள் உப்பு வியாபாரி ஃபேய் முதலாளி, இனிச் சாப்பாட்டுக்கு ஒரே பதார்த்தம் என்றுவிட்டார். அப்புறம் எனக்கென்ன வேலை? நானும் ஒன்றே சமைத்தேன்: வாத்துக்குள் காட்டுவாத்து, அதற்குள் புறா.

விருந்துக்கு வந்த வாத்தியார் தோண்டத் தோண்டச் சிரித்தார். "என்ன முதலாளி, எல்லை தட்டுக்கு மட்டுந்தானா, உள்ளே இருப்பதற்கு இல்லையா?"

முதலாளி முகம் சிவந்து என்னைக் கூப்பிட்டார். "திருட்டுப்பயலே, எனக்கு வெளிவாத்து போதும். உள்ள வைக்கிற ரெண்டோட காசுல தெனமும் ஏழைங்களுக்குக் கஞ்சி காச்சு. நீயே ஊத்து."

வேலை தப்பியது, கவலைப்படாதே.

இக்கடிதம் கொண்டுவரும் படகுக்காரர் அவசரப்படுத்துகிறார். என் துணிச்செருப்பு கிழிந்துவிட்டது. ஒரே பொட்டலமாக அனுப்பு: புதுச்செருப்பு, அதற்குள் காய்ந்த கடுகுக்கீரை, கீரைக்குள் நீ சொல்லி மகன் எழுதிய நாலு வரி.

உன் தாவ் ஷெங்