வில்லுக்காரியின் கத்தி

கட்டையின் ஒரு பக்கம் உருகிப் போயிருக்கிறது. நாம் உருட்டி விளையாடிய, இருபது முகம் வைத்த அந்த நீலத் தாயக்கட்டைதான். எரிந்த நம் லயத்து வீடுகளின் சாம்பலைக் கிளறும்போது கிடைத்தது. முகர்ந்தால் இன்னும் கருகல் நாற்றம் அடிக்கிறது. உருட்டினால் உருளுவதில்லை. உருகிய பக்கமாகச் சாய்ந்து குந்திக்கொள்கிறது, எத்தனை முறை போட்டாலும் பதினொன்று.

ரப்பர் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருந்து உனக்கு எழுதுகிறேன். வீடு எரிந்தவர்களை இங்கேதான் படுக்க விட்டிருக்கிறார்கள். பகலில் குழந்தைகள் தூங்கும் சாக்குத் தொட்டில்களுக்குக் கீழே இப்போது பெரியவர்கள் தூங்குகிறார்கள். அப்பாவுக்குத் தெரியாமல் இருக்க, மெழுகுவர்த்தியை ரப்பர் பால் வாளிக்குள் நிறுத்தி வைத்திருக்கிறேன். ரோட்டில் வாகனச் சத்தம் கேட்டால் ஊதி அணைத்துவிடுவேன். சத்தம் தேய்ந்த பிறகுதான் மறுபடி ஏற்றுவேன். நாளைக்கு இரத்தினபுரி கோட்டில், நீதவான் முன்னால், நான் ஒன்று செய்ய வேண்டும். செய்வேனா என்று எனக்கே தெரியவில்லை. உன்னோடு பேசினால் தெரியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

அந்த விளையாட்டுப் பெட்டி வந்த நாள் நினைவிருக்கிறதா? உன் அம்மா வேலை பார்த்த கொழும்பு வீட்டு வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போனபோது, எறியச் சொன்ன சாமான்களோடு அதையும் கொண்டு வந்தார். உள்ளே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகமும் விதவிதமான கட்டைகளும் இருந்தன. பலகையும் இல்லை, காயும் இல்லை.

"பலகை இல்லாம எப்படிடி விளையாடுறது?" என்றேன்.

"வாயாலயே விளையாடணுமாம் புள்ள. ஒருத்தி கதை சொல்லணும், மத்தவ அந்தக் கதைக்குள்ள ஆளா போகணும். வெட்டுப்பட்டா சாகணும்."

பள்ளிக்கூட அகராதியை வைத்துக்கொண்டு நாம் அந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினோம். எனக்குக் கொடுத்த பக்கத்தில் பி, ஓ, டபிள்யூ என்று ஒரு சொல். அகராதியில் முதல் பொருளாக 'தலை வணங்குதல்' என்றிருந்தது. நான் அதோடு நிறுத்திவிட்டேன். 'லோங்' என்று முன்னால் வந்த இடத்தில் 'பெரிய கும்பிடு' என்றும், 'ஷோர்ட்' என்று வந்த இடத்தில் 'சின்னக் கும்பிடு' என்றும் எழுதி வைத்தேன். பெரிய கும்பிடு போட்டால் தூரத்தில் நிற்கும் எதிரி சாவான் என்று வந்தது. நீ அதைப் படித்துவிட்டு விறகுக் கொட்டகையில் உருண்டு உருண்டு சிரித்தாய்.

"அடி லூசு, அடுத்த வரிய பாரு. வில்லுடி, வில்லு! கும்பிட்டுக் கொல்ல முடியும்னா நம்ம அப்பனுங்க இன்னேரம் எத்தன தொரைய கொன்னுருப்பாங்க!"

அன்றிலிருந்து என் ஆளுக்குப் பெயர் வில்லுக்காரி. அவளை நீதான் கட்டி எழுப்பிக் கொடுத்தாய். பலம், கைவாகு, உசிரு, புத்தி என்று நாமே பெயர் வைத்துக்கொண்டோம். கட்டை போட்டதில் வந்த பெரிய எண்ணை நான் பலத்தில் வைக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். வில்லுக்குப் பலம் இரண்டாவது, கைவாகுதான் முதல் என்றாய். இரும்புச் சட்டையை விற்க வைத்தாய். அது கனம், ஓட முடியாது. மேட்டில் நிற்கச் சொன்னாய். ஓரிடத்தில் இருந்து எய்தால் அடுத்த அம்பை வேறிடத்தில் இருந்து எய்யச் சொன்னாய். நம் ஆள் எதிரியோடு கட்டிப் புரளும்போது எய்யாதே, அம்புக்கு ஆள் தெரியாது என்றாய்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: "கைக்கெட்டுற தூரத்துல எவனையும் வர விடாத. வந்துட்டான்னா வில்லு வெறும் குச்சி."

ரப்பர் கொட்டைகள்தான் நம் பூதங்கள். சோக்கட்டியால் தரையில் மலையும் ஆறும் கீறுவாய். நான் கட்டையைப் போட்டு நல்ல எண் விழுந்தால் உன் கண் மின்னும். "அம்பு இந்தக் கண்ணுல பூந்து பிடரியால வருது. ரத்தம் பீலித் தண்ணி மாதிரி கொட்டுது. பக்கத்துல நிக்கிறவன் அதுல சறுக்கி விழுறான்" என்பாய். சொல்லிவிட்டு அந்தக் கொட்டையைக் கல்லால் நச்சென்று உடைப்பாய். ஒருமுறை அப்பா எட்டிப் பார்த்து, "பொட்டப் புள்ளைங்க சூதா ஆடுறீங்க?" என்று அதட்டினார். "சூது இல்லீங்க மாமா, தாயம்தாங்க" என்று முகத்தை எவ்வளவு பாவமாக வைத்துக்கொண்டாய்!

ஒரு விஷயத்தில் மட்டும் நாம் சண்டை பிடித்தோம். என் வில்லுக்காரிக்கு மிச்சமிருந்த காசில் நான் இன்னும் அம்பு வாங்கக் கேட்டேன். நீ ஒரு சின்னக் கத்திதான் வாங்க வேண்டும் என்றாய்.

"வில்லுக்காரிக்குக் கத்தி எதுக்குடி? கிட்ட வர விடாதன்னு நீதானே சொன்ன?"

"வந்துட்டா?"

"வர மாட்டான்."

"வந்துட்டா என்ன செய்வ? பெரிய கும்பிடா போடுவ?"

நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. நீயே என் ஆளின் தாளில் கத்தி என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினாய். அதன் பிறகு நீயும் உன் அப்பா ரப்பர் மரம் வெட்டும் பழைய பால்கத்தியைப் பாவாடையில் செருகிக்கொண்டுதான் விளையாட வருவாய்.

தண்ணீர்ப் பீலியில் நம் பையன்களும் கிராமத்துச் சிங்களப் பையன்களும் அடித்துக்கொண்டதற்கு மறுநாள் கிராமத்து ஆட்கள் திரண்டு வந்தார்கள். பால் நிறுத்து முடித்து எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்த நேரம். முதலில் கூரைத் தகரத்தில் கல் விழுந்தது. பிறகு "எளியட்ட வரெல்லா!" என்று வெளியே வரச் சொல்லிக் கத்தினார்கள். மண்ணெண்ணெய் மணத்தது. எல்லாரும் ரப்பர் மலைக்கு ஓடினார்கள். நாம் இருவரும் மேலே கான் பள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தோம். அப்பா மட்டும் ஆட்டை அவிழ்க்கத் திரும்பிப் போயிருந்தார்.

வாசலில் அவரை வளைத்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவனை உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பால் லொறிக்காரன். மழை நாளில் நம்மை "நங்கிலா" என்று கூப்பிட்டுத் தங்கச்சிகள்போல் லொறியில் ஏற்றிக்கொண்டு போனவன். அப்பா இடுப்பு வரை குனிந்து கைகூப்பினார். "மஹத்தயா, மஹத்தயா" என்று ஐயா போட்டுக் கெஞ்சினார். அவன் அந்தக் கூப்பிய கையிலேயே வெட்டினான். இரண்டு விரல்கள் மண்ணில் விழுந்ததை நான் பார்த்தேன். அப்பா கூப்பிய கையை இறக்கவில்லை. இரத்தம் முழங்கை வழியாக ஒழுக, இன்னும் கும்பிட்டுக்கொண்டே நின்றார். அவன் மறுபடி கத்தியை ஓங்கினான்.

நீ குருவி அடிக்கும் கவட்டைக் கெட்டபோலை எடுத்தாய். நம் ஆள் நடுவில் நிற்கும்போது எய்யக்கூடாது என்று சொன்னவள் நீ. ஆனாலும் இழுத்து விட்டாய். கல் அவன் நெற்றியில் பட்ட சத்தம் மேலே நமக்குக் கேட்டது. அவன் முட்டி போட்டு விழ, அப்பா லயத்துக்குப் பின்னால் ஓடினார். நீ அடுத்த மரத்துக்கு மாறினாய். இரண்டாவது கல் ஒருவன் வாயில் விழுந்தது. அவன் பற்களைத் துப்பினான். மூன்றாவது மரத்துக்கு மாறினாய். நீ சொன்ன மற்ற எதையும் நீ மறக்கவில்லை. எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தாய்.

அதற்குள் கீழே லயத்தின் முதல் காம்பரா வீடு பற்றி எரிந்தது. அந்தச் சத்தத்தில், நெற்றியில் இரத்தத்தோடு அந்த லொறிக்காரன் கானுக்குள் குனிந்தபடியே ஏறி வந்தது நமக்குக் கேட்கவில்லை. நீதான் முதலில் பார்த்தாய். என்னைக் கானுக்குள் தள்ளி, "படு. எழும்பாத" என்றாய். நான் சருகுக்குள் முகம் புதைத்தேன். ஆனால் கண்ணை மூடவில்லை.

அவன் உன்னைக் கண்டதும் நின்றான். "நங்கி?" என்றான். அந்தக் குரல் லொறியில் ஏற்றும்போது கேட்ட அதே குரல். பிறகு வெட்டினான். தோளில் இறங்கியது. நீ விழவில்லை. பால்கத்தியை உருவி, அவன் வலது கையில் மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை, மரத்தில் பால் வெட்டுவதுபோலச் சாய்வாக ஒரே இழுப்பு இழுத்தாய். அவன் அலறினான். அடுத்த வெட்டு உன் கழுத்தில் விழுந்தது. நீ என் பக்கம் பார்த்தபடி விழுந்தாய். பார்த்தாயே தவிர, நான் அங்கே இருப்பதைக் காட்டும் எந்த அசைவும் உன்னிடம் இல்லை.

அவனைப் பிடித்து மறியல் சிறையில் வைத்திருக்கிறார்கள். நாளைக்கு அடையாள அணிவகுப்பு. அவன் உன்னை வெட்டியதைக் கிட்டத்தில் பார்த்தவள் நான் ஒருத்திதான். பத்துப் பதினைந்து பேரை வரிசையாக நிறுத்துவார்கள் என்று பொலிஸ்காரர் சொன்னார். தழும்பு தெரியாமல் எல்லாருக்கும் நீளக்கைச் சட்டையாம், நெற்றியில் ஒரே மாதிரித் துணியாம். தூரத்தில் நின்று விரலை நீட்டினால் போதுமா என்று கேட்டேன். போதாதாம். நீதவான் முன்னால் நடந்து போய், அவன் மேல் கை வைத்துக் காட்ட வேண்டுமாம்.

நீ எனக்குச் சொல்லித் தந்ததெல்லாம் தூரத்தில் நிற்கத்தான்.

இன்று பின்னேரம் அவன் தம்பி அதே லொறியை என் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். "நங்கி, ஹெட்ட பலலா கரன்ன" என்றான். நாளைக்குப் பார்த்துச் செய் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அப்பாவிடமும் பேசியிருக்கிறான். ராத்திரி சோறு பிசைய முடியாமல் இடது கையால் கரண்டி பிடித்துக்கொண்டே அப்பா சொன்னார்:

"தெரியலன்னு சொல்லிரு பாப்பா. நாம இங்கதான் இருந்தாகணும்."

"அந்தப் புள்ள உங்களுக்காகத்தானே அடிச்சா அப்பா?"

"தெரியும்மா. அதுக்குத்தான் சொல்றேன். உன்னையும் குடுக்க என்னால ஆகாது."

தூங்கும்போதும் அவருடைய கட்டுப் போட்ட கை மற்றக் கையைத் தேடி நெஞ்சுக்கு மேல் போகிறது. இப்போதும் பார்க்கிறேன். கூப்புவதற்குத்தான் போகிறது.

கட்டையை இன்னொரு தரம் போட்டுப் பார்த்தேன். பதினொன்று. தூரத்தில் நிற்பவனை அடிக்க அது போதாது, நம் விளையாட்டில் எத்தனை முறை அந்த எண்ணில் என் அம்பு தவறியிருக்கிறது! ஆனால் கிட்ட நிற்பவனுக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்றுதானே புத்தகத்தில் இருந்தது? கைக்கெட்டும் தூரத்துக்குப் பதினொன்று தாராளம் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

நீ வற்புறுத்தி வாங்கிய கத்தி இன்னும் என் வில்லுக்காரியிடம் இருக்கிறது. நான் அதை ஒருமுறைகூட உபயோகிக்கவில்லை.

மெழுகுவர்த்தி முடியப் போகிறது. காலையில் அப்பா பின்னால் வருவார், கோட்டு வாசலில் தம்பிக்காரன் நிற்பான். நிற்கட்டும். முகம் எனக்குத் தெரியும். அவன் வலது கைச் சட்டைக்குக் கீழே நீ வைத்த குறி சாய்வாக இருக்கிறது. நான் கை கூப்ப மாட்டேன். போய் அதன் மேல் கையை வைப்பேன்.