ஈரத்துணியோடு ஏறிய சம்பந்தி

22 ஏப்ரல், திங்கள்

வாங்கிவிட்டேன். கறுப்பு, ஜெர்மன் கார், வயது பன்னிரண்டு. புனலூரில் ஒரு டாக்டர் வைத்திருந்தது. சவூதியில், தம்மாமில் முதலாளி வீட்டில் இருபத்திரண்டு வருடம் ஓட்டினேனே, அதே வகை. பழசு என்பதால் சின்னப் புது கார் ஒன்றின் விலைக்குப் படிந்தது.

புளியறை செக்போஸ்டில் ஒரு போலீஸ்காரர் வண்டியைப் பார்த்துச் சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினார். நான் கண்ணாடியை இறக்கி முகத்தைக் காட்டியதும் அந்தக் கை தலையைச் சொறியப் போய்விட்டது. எனக்கே சிரிப்பு.

வீட்டில் ஹஸீபா சிரிக்கவில்லை. "கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்கு. இந்த யானை இப்ப எதுக்கு?" என்றாள். பதில் சொன்னால் அழுதுவிடுவேன். இங்கே எழுதிக்கொள்கிறேன். முதலாளியின் மூன்று பெண்களையும் பள்ளிக்கூடத்துக்கும் காலேஜுக்கும் கொண்டுபோய் விட்டது நான். மூத்தவளைக் கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டதும் நான். என் மகள் மாஜிதாவை ஒருநாள்கூடப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டதில்லை. ஜூன் முப்பது அவளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீடு சிவகிரி, இங்கே தென்காசியிலிருந்து ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் என் வண்டியில், நான் ஓட்டி, அவள் போக வேண்டும். அவ்வளவுதான்.

3 மே, வெள்ளி

டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிகிறது. தம்மாமில் விளக்கு எரிந்தால் ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன். சாயங்காலம் விளக்கு இருக்காது. பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று இத்தனை வருடத்தில் நான் எட்டிப் பார்த்ததே இல்லை. ஓட்டத் தெரிந்ததையே வண்டி தெரிந்ததாக நினைத்துவிட்டேனா?

4 மே, சனி

மேலகரத்தில் மெக்கானிக் இசக்கிமணி லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தான். ஏதோ ஒரு சென்சார். "அண்ணாச்சி, வண்டி வெலதான் கொறஞ்சிருக்கு. சாமான் வெல அப்படியேதான் இருக்கு" என்றான். மாற்றிக்கொண்டு வந்தேன். ஹஸீபாவிடம் ஆயில் மாற்றியதாகச் சொன்னேன்.

19 மே, ஞாயிறு

இன்று எந்த விளக்கும் எரியவில்லை. பயமாக இருக்கிறது.

19 ஜூன், புதன்

பெருநாளுக்கு மூன்றாம் நாள். சம்பந்தி துல்கர்னைன், மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். குற்றால அருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம், குளிக்கணுமாம். சீசனில் தென்காசிக்காரனுக்கு இது விதித்த வேலை. அவர் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். "நம்ம வண்டி இங்கனயே நிக்கட்டும். மச்சான் வண்டியில போவோம், பெரிய வண்டில்லா" என்றார். எனக்குப் பெருமைதான், ஏன் பொய் சொல்ல?

ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்து இரண்டு மணி நேரம் குளித்தார்கள். மாற்றுத்துணிப் பையை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். "அஞ்சு நிமிசந்தான மச்சான், வீட்ல போயி மாத்திக்கிடுவோம்" என்று சொட்டச் சொட்ட முன் சீட்டில் ஏறினார். பின்னால் மூன்று பேரும் அப்படியே.

மகளைக் கொடுக்கப் போகிற வீடு. துண்டை விரித்து உட்காருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஏசி போடவா மச்சான்?" என்றுதான் வந்தது.

சீசன் கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஒன்றேகால் மணி நேரமானது.

21 ஜூன், வெள்ளி

பள்ளிவாசலில் ஜும்ஆ குத்பா பிரசங்கம் நடக்கும்போது தெருவில் ஹார்ன். நிற்கவே இல்லை. எவன்டா இவன் என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் திரும்பிப் பார்த்தேன். என் வண்டி. உள்ளே ஆள் இல்லை. கண்ணாடிகள் தாமாக இறங்குகின்றன, வைப்பர் ஆடுகிறது. பேட்டரி வயரைப் பிடுங்கலாம் என்றால் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. டிக்கியில் இருக்கிறதாம். இசக்கிமணி போனில் சொன்னான். அதற்குள் தொழுகையே முடிந்துவிட்டது.

22 ஜூன், சனி

இசக்கிமணி முன் சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கினான். கீழே குளம். அதற்குள் ஒரு கறுப்புப் பெட்டி. கதவு, கண்ணாடி, ஸ்டார்ட் ஆவது எல்லாம் அதன் கையில்தானாம். ஜெர்மனிக்காரன் அதைக் கொண்டுபோய்க் காலுக்கடியில் வைத்திருக்கிறான். அவன் ஊரில் குளித்த துணியோடு யாரும் வண்டியில் ஏறுவதில்லை போலிருக்கிறது.

"யாரு அண்ணாச்சி இவ்வளவு தண்ணியோட ஏறுனது?"

"சம்பந்தி."

அவன் டெல்லிக்குப் போன் போட்டான். இதே மாதிரி பழைய பெட்டி ஒன்று அங்கே கிடைக்குமாம். வர எப்படியும் பத்து நாள். நிக்காஹுக்கு எட்டு நாள்தான் இருக்கிறது.

26 ஜூன், புதன்

நனைந்த பெட்டியை இசக்கிமணியிடமிருந்து வாங்கி வந்து மூன்று நாள் அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்தேன். போன் நனைந்தால் அப்படித்தானே செய்கிறார்கள்? கல்யாண பிரியாணிக்கு வைத்திருந்த சீரகச் சம்பா. ஹஸீபா போட்ட சத்தம் மேலகரம் வரை கேட்டிருக்கும். பெட்டி காய்ந்தது. மாட்டிப் பார்த்தால் வண்டி அசையவில்லை.

28 ஜூன், வெள்ளி

டெல்லியிலிருந்து ஒன்றும் வரவில்லை. "விடுங்க வாப்பா, வண்டியா எனக்கு முக்கியம்?" என்கிறாள் மாஜிதா. உனக்கு இல்லட்டி, எனக்குத்தான் முக்கியம். சம்பந்தியிடம் சொல்லவும் முடியாது. உங்களால்தான் என்றா சொல்வது? யா அல்லாஹ், ஒரு மணி நேரந்தான கேட்டேன் — அது என்ன பெரிய ஆசையா?

30 ஜூன், ஞாயிறு

நிக்காஹ் நல்லபடி முடிந்தது.

பெண்ணும் மாப்பிள்ளையும் போகச் சம்பந்தியின் புது வண்டி வந்திருந்தது. அதை ஓட்டி வந்த டிரைவருக்குக் காய்ச்சல், மண்டபத்திலேயே படுத்துவிட்டான். சம்பந்தி எல்லோர் முன்னாலும் சாவியை என் கையில் வைத்தார். "ஒங்களவிட நல்லா ஓட்டுத ஆளு யாரு இருக்கா மச்சான்?"

ஓட்டினேன். பின் சீட்டில் மாஜிதாவும் மருமகன் ஹுஸைஃபாவும். கண்ணாடியில் அவள் முக்காடு மட்டும் தெரிந்தது. ஒரு பள்ளத்தில்கூட இறக்கவில்லை.

சிவகிரி வந்ததும் இறங்கி, வண்டியைச் சுற்றிப் போய், பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போனது. மாஜிதா இறங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் எப்படி நிற்கிறேன் என்று.

என்னைத் தெரியாத யாரோ ஒருவர், "டிரைவர் அண்ணே, பொண்ணு எறங்குனதும் வண்டிய ஓரமாப் போடுங்க" என்றார்.

போட்டேன்.

17 ஜூலை, புதன்

டெல்லிப் பெட்டி வந்தது. வேறு மாடலுக்கு உள்ளதாம். வண்டி இசக்கிமணியிடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. போய்ப் பார்க்கவில்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

காலையில் சம்பந்தி போன் செய்தார். வியாழக்கிழமை ஹுஸைஃபா ஷார்ஜா போகிறான். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் விட வேண்டும், மாஜிதாவும் வழியனுப்ப வருகிறாள். "நீங்க ஓட்டுனா எனக்கு நிம்மதி மச்சான். நம்ம ஆளுல்லா."

எத்தனை மணிக்கு வண்டி எடுக்கணும் என்று கேட்டேன். ஹஸீபா அடுப்படியிலிருந்து எட்டி ஒரு மாதிரிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

சாயங்காலம் மாஜிதாவிடமிருந்து மெசேஜ்: "வாப்பா, திரும்பி வாரப்ப நாம ரெண்டு பேருதான். நான் முன்னால ஒக்காருவேன்."