சோத்துல உப்பு

ஞாயிறு, ஆவணி 8

இன்று நாகலாபுரத்தில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. என் மடியில் வைத்துத்தான் குத்தினார்கள். பந்தியில் ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கிவிட்டேன்.

"ஏண்ணா, என் வூட்டு ஊறுகா எறங்கலையா?" என்றாள் தங்கை.

பிபி என்றேன். பக்கத்து இலையில் இருந்த அவள் மாமனார் விடவில்லை. "தங்கச்சி ஆசையா வச்சத ஒதுக்கறியே, சோத்துல உப்பு போட்டுத்தானே துன்ற?"

பந்தியே திரும்பிப் பார்த்தது.

"இல்ல மாமா, மூணு மாசமா போடறதில்ல."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தினமும் வேலைக்குப் போகும்போது ஸ்ரீ சிட்டிக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன். மாத்திரையையும் விடவில்லை. போன வாரம் பிபி இறங்கியிருப்பதைப் பார்த்து டாக்டரம்மா தெலுங்கில் "பர்வாலேது", பரவாயில்லை என்றார். அது போதும் எனக்கு.

தங்கைதான் மனதை அறுக்கிறாள். எங்களைப் பெற்ற நைனாவுக்கும் ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. பிபி ஏறி வாய் கோணிப்போன பிறகு இரண்டு வருடம் அவருக்குக் கஞ்சி ஊட்டியவள் அவள். அவளே எப்படி...

பஸ் ஏறும்போது ஊறுகாய் பாட்டிலைப் பையில் திணித்தாள். எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். உப்பில்லாமல் தின்கிறவனுக்கும் ரோஷம் உண்டு.